கத்தரீனா மேடும் வாசல் துடைப்பமும்

பொய் சொல்லவும் ஒரு யோகம் வேண்டும். எர்வினுக்கு அது இருபத்தாறு வயதில் ஒரே ஒரு தடவை வாய்த்தது. அப்புறம் முப்பத்தோரு வருஷம் அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பதே பிழைப்பாகிப் போனது.

பொய் இதுதான். கத்தரீனா மேட்டைச் சைக்கிளில், ஒரே மூச்சில், கால் ஊன்றாமல் ஏறினேன் என்று ரோஸ்விதாவிடம் சொல்லிவிட்டான். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிற டிராக்டரே அந்த மேட்டில் பாதி தூரத்துக்கு மேல் முனகும். உச்சியில் ஒரு பழைய சிற்றாலயம். அதன் படியில் உட்கார்ந்திருந்த ரோஸ்விதா, மூச்சுகூட வாங்காமல் வந்து இறங்கியவனைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அந்த வருஷம் திராட்சை அறுப்பு முடிந்த கையோடு கல்யாணம். மூச்சு எப்படி வாங்கும்? அடிவாரத்திலிருந்து கடைசித் திருப்பம் வரைக்கும் ஐயா ஒரு டிராக்டரின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு சொகுசாக வந்தவர்.

கல்யாணமான மறுவாரமே அவள் கேட்டாள். "அந்த மேட்டை நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏறணும் எர்வின். மடாலயத்துல ஆரம்பிச்சு, இடிஞ்ச கோட்டை வழியா, தோட்டத்துக்கு நடுவுல அந்தச் சின்னப் பாதையில. கார் சத்தமே இருக்காது. மூணு நாள் போதும்."

நகை கேட்கவில்லை, கடற்கரை கேட்கவில்லை. மூன்றே நாள் கேட்டாள். அதைக் கொடுக்க அவனுக்கு வக்கில்லை. பிப்ரவரியில் கேட்டால் கொடி கவாத்து. மே மாதம் கேட்டால் கொடித் தளிரில் பனி விழுந்துவிடுமோ என்ற பயம். ஜூலையில் மருந்தடிப்பு, அக்டோபரில் அறுப்பு, நடுவில் முட்டிவலி. ஒரு வருஷம் வலது முட்டி என்றான், அடுத்த வருஷம் இடது முட்டி என்றான். இரண்டுக்கும் அவள் தைலம் தடவிவிட்டாள். அதை நினைத்தால் அவனுக்கே வெட்கமாகத்தான் இருக்கும்.

இந்த வருஷம் அவள் கேட்கவில்லை, அறிவித்தாள். அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஹெட்விக் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து.

"வர்ற வியாழக்கிழமை கிளம்பறோம். ரூம் போட்டாச்சு. உனக்குப் புது சைக்கிளும் வாங்கியாச்சு."

"முட்டி..."

"டாக்டர்கிட்ட கேட்டேன். சைக்கிள் ஓட்டினா முட்டிக்கு நல்லதாம்."

"போய்ட்டு வாங்க எர்வின்," என்றாள் ஹெட்விக். "கத்தரீனா மேட்டை ஒரே மூச்சுல ஏறினவராச்சே நீங்க."

"அது அந்தக் காலம்," என்றான் எர்வின். ஆனால் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தித் தொலைத்தான். "சரி, போலாம்." வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் தன்னை ஒரு வீரன் என்று நினைத்துக்கொண்டிருப்பவள் முன்னால், முதல் திருப்பத்திலேயே நாக்குத் தள்ளி இறங்கி நிற்பதா? செவ்வாய்க்கிழமை கொட்டகையில் வாசல் துடைப்பம் கண்ணில் பட்டது. யோசனை அங்கேதான் பிறந்தது.

அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வருஷத்தில் சில வாரங்கள் தங்கள் ஒயினைத் தங்கள் வீட்டிலேயே ஊற்றிக் கொடுப்பார்கள். எர்வின் வீட்டிலும் அப்படித்தான். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு வாசலில் ஒரு துடைப்பத்தை மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் வருகிறவன் எவனானாலும் உள்ளே வந்து உட்காரலாம். துடைப்பம் தொங்குகிற வீட்டில் "இன்னைக்கு இல்லை" என்று சொன்னவன் அப்புறம் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

வியாழக்கிழமையோ இயேசுவின் விண்ணேற்றத் திருநாள். ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாம் கைவண்டியை இழுத்துக்கொண்டு, எங்கே குடிக்கக் கிடைக்கும் என்று அலைகிற நாள். காலையில் துடைப்பத்தை மாட்டினால் ஒன்பது மணிக்கு வீடு நிறையும். எவனோ செய்த குறும்பு என்று கையை விரித்துவிடலாம். பயணம் தானாகவே நின்றுபோகும்.

புதன்கிழமை முழுக்க ரோஸ்விதா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு எதுக்கு?"

"மூணு நாள் ஆகுமில்ல," என்றாள்.

பாவம், வழிக்குச் சாப்பாடு கட்டுகிறாள் என்று நினைத்தான். மனசு உறுத்தியது. உறுத்தலோடேயே போய்ப் படுத்தான்.

விடிந்ததும் அவள் குளிக்கப் போன சமயம் பார்த்துக் கொட்டகைக்கு ஓடினான். துடைப்பம் கதவோரமாகவே சாத்தியிருந்தது. சிவப்பு ரிப்பன்கூடப் புதிதாக இருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. மாட்டிவிட்டுத் திரும்பினான்.

ஒன்பது அடிக்கவில்லை, ஊர்க்காரன் லோதாரும் அவன் கூட்டாளிகள் ஆறு பேரும் கைவண்டியோடு வந்து சேர்ந்தார்கள்.

"யோவ் எர்வின், சொல்லாம கொள்ளாம திறந்துட்டியேய்யா."

"திறந்தேனா? யாருய்யா இதை மாட்டினது?" என்று எர்வின் தலையில் கைவைத்தான். நடிப்பு கொஞ்சம் தூக்கல்தான்.

"எவன் மாட்டினா என்ன, நல்லா இருக்கட்டும்," என்று லோதார் உள்ளே போய் உட்கார்ந்தான்.

எர்வின் கொல்லைப்புறம் ஓடினான். ரோஸ்விதா சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மோசம் போச்சு ரோஸ்விதா. எவனோ விளையாட்டுக்குத் துடைப்பத்தை மாட்டிட்டான். ஏழு பேர் உக்காந்தாச்சு."

"அடப்பாவமே."

"விரட்டவா முடியும்?"

"எப்படி முடியும்? மானம் போயிடும்."

"அதான் நானும் சொல்றேன். வேணும்னா அறுப்பு முடிஞ்சதும்..."

"சரி."

இவ்வளவு சுலபமாகச் சரி என்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"சரின்னா?"

"நீ இருந்து பாத்துக்கோ. நான் போய்ட்டு வரேன்."

"தனியாவா?"

"ஹெட்விக் வெளியில ரெடியா நிக்கிறா. அவ குட்டையாச்சே, உன் சைக்கிள் சீட்டை நேத்தே இறக்கி வெச்சுட்டேன்."

"வந்தவங்களுக்கு நான் எதைப் போடுவேன்?"

"கீழறையில நாப்பது பேருக்கு உருளைக்கிழங்கு சாலட் இருக்கு. இறைச்சி வறுத்து வெச்சிருக்கேன். சூடு பண்ணினா போதும்."

"அலுவலகத்துல எழுதிக் கொடுக்காம எப்படி..."

"மூணு வாரம் முன்னாடியே கொடுத்தாச்சு."

"ரோஸ்விதா..."

"துடைப்பத்தைக்கூட, நீ தேடி அலைய வேண்டாமேன்னு கதவு பக்கத்துலயே வெச்சேன். ரிப்பன் நல்லா இருந்துச்சா?"

அவள் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

"எர்வின், அன்னைக்கு அந்த டிராக்டரை ஓட்டிட்டு வந்தது என் பெரியப்பா."

அவன் சைக்கிள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"சாயங்காலமே சொல்லிட்டார். ஒரு பய பின்னாடி தொங்கிக்கிட்டே வந்தான்னு."

"தெரிஞ்சேவா என்னைக் கட்டிக்கிட்ட?"

"எனக்காக ஒருத்தன் இவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்றானேன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. என்னைக்காவது நீயே சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லியிருந்தா இறங்கி, பேசிக்கிட்டே தள்ளிட்டுப் போயிருப்போம். எனக்கு மேடா முக்கியம்?"

இரு, நானும் வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"எர்வின்," என்று உள்ளேயிருந்து லோதார் குரல் கொடுத்தான். "கால் லிட்டர் ஏழு. சாப்பிட ஏதாவது கொண்டா. வெளியில இன்னும் ரெண்டு வண்டி நிக்குது."

அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் இரண்டு சைக்கிளும் தெருமுனையில் இருந்தன. ரோஸ்விதா மணி அடித்துவிட்டு வளைந்து போனாள். அவள் அவ்வளவு நன்றாகச் சைக்கிள் ஓட்டுவாள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பத்தோரு வருஷம் கூடவே இருந்து இதைக்கூடப் பார்க்காமல் விட்டோமே என்று நொந்துகொண்டு, ஏழு குவளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஊற்றினான், கழுவினான், மறுபடி ஊற்றினான். வந்தவர்களில் பாதிப் பேர் "எங்க ரோஸ்விதா?" என்றார்கள். "கத்தரீனா மேடு ஏறப் போயிருக்கா," என்று ஒவ்வொருத்தருக்கும் சொன்னான். "நீ ஏன்யா போகல? சிங்கமாச்சே நீ," என்று லோதார் கேட்டபோது மட்டும் காலிக் குவளைகளை அள்ளிக்கொண்டு கழுவப் போனான்.

மறுநாள் மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. கத்தரீனா மேடு. பாதை நெடுக மனிதர்கள். வாலிபர்கள், பந்தயச் சட்டை போட்டவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரோஸ்விதா வியர்த்து வழிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே எழுதியிருந்தாள்: "இதை யாருமே ஏறுறதில்லையாம் எர்வின்."

அவன் துடைத்துக்கொண்டிருந்த குவளையை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தான். இதற்காகவா இத்தனை முட்டிவலி, இத்தனை தைலம். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நிஜத்தை எழுதி அனுப்பினான். "தப்பு பண்ணிட்டேன். அடுத்த வருஷம் நானும் வரேன். தள்ளிக்கிட்டே வரேன்."

பதில் உடனே வந்தது.

"சரி. துடைப்பத்தை இறக்கிடாதே, அடுத்த புதன் வரைக்கும் எழுதிக் கொடுத்திருக்கேன். உருளைக்கிழங்கு தீர்ந்தா நீயே உரிச்சுக்கோ."