படத்தில் உள்ளபடி

காகிதத்தில் அச்சாகிவிட்டால் அது கல்லில் வெட்டியதற்குச் சமம் என்று நம்புகிற இனம் ஒன்று உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பார்த்தால் தெரியாது. நம்மைப் போலவே இட்லி தின்பார், மழை வந்தால் ஒதுங்குவார். கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

திருத்தணி ஜெகநாதன் இந்த இனத்தில் கலப்பில்லாத ரகம். முப்பது வருஷம் சர்வே ஆபீசில் படம் வரைந்தவர். நிலம் படத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தப்பு நிலத்தின் மேல்தான் என்பது அவர் கட்சி. அவர் ஓய்வு பெற்ற வருஷம், உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன அமெரிக்கப் பத்திரிகை ஒன்று கைக்கு வந்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய், நினைத்த இடத்தில் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழுந்து வர ஒரு சக்கர வீட்டை நாமே கட்டிக்கொள்வது எப்படி என்று அதில் நாலு பக்கத்துக்குப் படம் போட்டிருந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய கார் ஏற்கெனவே வாசலில் நின்றது. மனைவி மணியம்மை காளஹஸ்தி போகவேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறென்ன வேண்டும்?

அடிச்சட்டம் செய்யும் வேலை பட்டறை தஸ்தகீரிடம் போயிற்று. ஜெகநாதன் தினமும் காலையில் டேப்போடு வந்து, ஒவ்வொரு குறுக்கு இரும்பையும் அளந்து, வீசம் அங்குலம் தள்ளியிருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். தஸ்தகீரும் முகம் சுளிக்காமல் செய்தார். உள்ளதைச் சொல்லவேண்டும்: சட்டம் முதல் தரமாக வந்தது. ஏறி இறங்கும் படியை மாட்டும் நாளில்தான் தஸ்தகீர் தலையைச் சொறிந்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? படியும் கதவும் வலது பக்கம் போட்டுக்கிறாங்க. அவங்க ஊர்ல வண்டி வலது ஓரமா போவுது, சரி. நம்ம ஊர்ல எடது ஓரமால்ல போவுது? அம்மா எறங்கினா நடுரோட்டுலதான் கால் வெக்கணும்."

"படத்துல எந்தப் பக்கம் இருக்குது?"

"வலது பக்கந்தாங்க. ஆனா..."

"அப்புறம் இன்னா ஆனா?"

படி வலது பக்கமே வந்தது.

வெள்ளோட்டம் கனகம்மாசத்திரம் சாலையில். மணியம்மை சாப்பாட்டோடு பின்வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஆடவில்லை, அசையவில்லை. ஜெகநாதன் பூரித்துப்போய் ஒரு புளியமரத்தடியில் இடது ஓரமாக நிறுத்தி, அந்தப் பக்கம் முட்டி போட்டு, ஓட்டத்தில் அச்சு நகர்ந்திருக்கிறதா என்று அளக்க ஆரம்பித்தார். வலது பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த கணம், எதிரே வந்த பஸ்ஸின் பிரேக் கிறீச்சிட்டது. பித்தளைச் சொம்பு ஒன்று நசுங்கும் ஓசை.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கும் அவளுக்கும் நடுவில் அந்த முதல் தரமான வண்டி நின்றது. ஜெகநாதனின் கையிலிருந்து டேப் நழுவியது. "மணியம்மா!" என்று கத்தினார். ஆயுளில் முதல் தடவையாக எந்தப் படத்தையும் பார்க்காமல் ஓடினார்.

ரோட்டில் தட்டையான சொம்பு கிடந்தது. அவள் இல்லை. பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கும் இல்லை.

"இங்க இருக்கறேங்க," என்று மேலிருந்து குரல் வந்தது. மணியம்மை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்டக்டரிடம், "திருத்தணிக்கு ஒண்ணு குடுப்பா," என்றாள். துள்ளி விலகியதில் புடவைத் தலைப்பில் புழுதி. அவரைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாள்.

வேறொருவராக இருந்தால் நேரே பட்டறைக்குப் போய், "படியையும் கதவையும் இடது பக்கம் மாத்துப்பா," என்றிருப்பார். அரை நாள் வேலை. ஜெகநாதனால் முடியுமா? படத்தில் இல்லாததை எப்படிச் செய்யச் சொல்வது? இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவர், மூன்றாம் நாள் பத்திரிகைத் தாளைக் கிழித்து ஜன்னல் கண்ணாடியில் பின்பக்கமாக ஒட்டி, வெளிச்சத்தில் தெரிந்ததை அப்படியே மெல்லிய தாளில் பிரதியெடுத்தார். படியும் கதவும் இடது பக்கம் வந்துவிட்டன. கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

தஸ்தகீர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், எளுத்தெல்லாம் உருது மாதிரி வலதுலேர்ந்து போவுது, ஆனா படிக்க வரல?"

"கண்ணாடில காட்டிப் படி. இனிமே இதுல உள்ளபடி."

படியும் கதவும் மாறின. மணியம்மையிடம் போய்ச் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "மொதல்ல நீங்க எறங்கிக் காட்டுங்க," என்றாள். இறங்கினார். "இன்னொருக்கா." ஏழு தடவை இறங்கினார். மறுவாரம் காளஹஸ்தி போனார்கள். அவள் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து போனாள். பின்வண்டியில் அரிசியும் அடுப்பும் சௌக்கியமாக வந்தன.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் அரக்கோணம் ஸ்டேஷனில், அட்டவணையில் ஏழு பத்து என்றிருக்கிறது, இப்போது மணி ஏழு ஐந்துதானே என்று, கண்ணெதிரே நகர்ந்த ரயிலில் ஏறாமல் கம்பீரமாக நின்ற அந்தப் புண்ணியவானை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். இதை அவர் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்.