ஊதிப் பெருக்கிய முறுக்குப் பாக்கெட்

ஒரு முறுக்குப் பாக்கெட்டைப் பார்த்து நான் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். மிகைப்படுத்தவில்லை. அந்த வருடத்து டயரி இன்னும் என்னிடம் இருக்கிறது. தை மாதத்தில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று பக்கங்களிலும் 'பசியில்லை' என்று எழுதியிருக்கிறேன். (இடையில் ரொட்டி தின்றதை எழுதவில்லை.)

அறுபதுகளின் தொடக்கம். ஹட்டன் கடைகளில் பொலித்தீன் பை அப்போதுதான் தலைகாட்டியது. அதுவரை முறுக்கென்றால் செய்தித்தாள் பொட்டலந்தான்; ஹட்டனில் என் கடையிலும் அப்படித்தான். மனைவியின் தங்கை கணவர், கினிகத்தேனையில் கடை வைத்திருந்த என் சகலை சிவலிங்கம், முறுக்கைப் பொலித்தீன் பையில் போட்டு, பையின் வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டிவிட்டார்.

"தங்கச்சி வீட்டுக்காரரு பாக்கெட்ட பாத்தீங்களா? உள்ள இருக்கிற முறுக்க எண்ணிப்புடலாம்" என்றாள் என் மனைவி லெட்சுமி. அன்றுதான் பசி போனது.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்துக்காக மலையடிவாரத்து நல்லதண்ணியில் மாமனாருக்கு ஒரு கடை கிடைத்திருந்தது. முதல் நாள் யாருடைய பாக்கெட் அதிகம் விற்கிறதோ, பருவம் முழுக்கக் கடை அந்த மருமகனுக்கு என்று சொல்லிவிட்டார்.

நூலகத்தில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையைத் தேடிப் படித்தேன். வாங்குபவரின் கண்ணுக்குப் பொருள் நிறைவாகத் தெரிய வேண்டும் என்றிருந்தது. சகலையின் பாக்கெட் முறுக்கோடு ஒட்டிச் சூம்பிக் கிடக்கும். என்னுடையது புடைத்து நிற்க வேண்டும். முறுக்கைப் போட்டு, பைக்குள் வாயால் ஊதி, சட்டெனத் திருகி, சுடரில் ஒட்டினேன். ஐம்பதாவது பையில் தலை சுற்றியது.

"என்னங்க இது, சாமி மலைக்குப் போறவங்க திங்கிறது" என்றாள் லெட்சுமி. தங்கை பக்கம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, தூறல். கடைப் பலகையில் என் பாக்கெட்டுகள் கொழுத்து நின்றன. பத்து மணிக்குள் பாதி போயிற்று. சகலையின் பக்கம் ஆளில்லை. அவரைப் பார்க்காதது போல் பார்த்து மகிழ்ந்தேன்.

அப்போது, சற்றுமுன் வாங்கிப் போன திம்புள்ளத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மென்றுகொண்டே திரும்பி வந்தார். அவர் கையிலிருந்த பாக்கெட்டுக்குள் பனி படிந்தது போல் ஈரம். முறுக்கு வாழைநார் போலத் துவண்டிருந்தது.

"தம்பி, இதுக்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?"

குளிர் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அதற்குள் சிவலிங்கம், "அது கெடக்கட்டும் சகலை, இவ்வளவு காத்த எப்படிப் புடிச்சீங்க? எனக்கு வரலியே" என்று உண்மையான வியப்போடு கேட்டுவிட்டார். சிவலிங்கம் என்னிடம் பாடம் கேட்கிறார், அதுவும் மாமனார் முன்னிலையில்! ஒரு பையை எடுத்து, முறுக்கைப் போட்டு, எல்லோரும் பார்க்க ஊதிக் காட்டினேன்.

பெரியவர் வாயிலிருந்ததைத் துப்பினார். வாங்க நின்ற பெண்கள் பாக்கெட்டுகளைப் பலகையில் திரும்ப வைத்தார்கள்.

"மலையேறப் போறவனுக்கு எச்சி முறுக்கக் குடுத்துட்டியேப்பா" என்றார் பெரியவர்.

மாமனார் கடைச் சாவியைச் சிவலிங்கத்தின் கையில் வைத்தார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் பிறந்தநாள் என்றால் பலூன்களை எல்லாம் என் மடியில் கொட்டிவிடுவார்கள். சிவலிங்கத்தின் பேரனுடைய பிறந்தநாளிலும் அப்படித்தான். "ஊதுங்க சகலை, உள்ள முறுக்கு மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவரும் ஒன்றை எடுத்து ஊதினார்.

என்னுடையதுதான் பெரிது. டயரியில் குறித்திருக்கிறேன்.