முன்னறைக் கம்பெனி

இனி எவனிடமும் கை கட்டி நிற்பதில்லை என்று முடிவெடுத்தேன். பெரிய ஊரில் வேலை போய், சொந்த ஊருக்குத் திரும்பிய கையோடு எடுத்த முடிவு. வேலை போகாமல் இருந்திருந்தால் இவ்வளவு வீரம் வந்திருக்காது என்பதை உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"அங்கெல்லாம் ஈ மொய்க்கிற மாதிரி கம்பெனிங்க. நம்மூர் மாதிரி சின்ன ஊர்லதான் இடம் காலியா கிடக்கு" என்று மனைவிக்கு வகுப்பெடுத்தேன். "குழாய் உடைஞ்சா, ஃபேன் நின்னா, போன்ல என் ஆப்பை அமுக்கினாப் போதும். ஆள் வாசல்ல நிப்பான்."

"இங்க யாருங்க ஆப்பை அமுக்குவா? வாயைத் திறந்து கேப்பாங்க."

"உனக்கு பிசினஸ் புரியாது. இதுல நீ தலையிடாதே."

"சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முன்னறை ஆபீஸ் ஆனது. சுவரெல்லாம் ஈரம். வெளியே விடாத மழை. நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு அழைப்பும் வராது. சமையலறையில் அவள் போன் மட்டும் ஓயாமல் அடிக்கும். ஊர்வம்பு என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

குடை பிடித்து, வாடிக்கையாளர் தேடித் தெருத்தெருவாகப் போனேன். மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா, பள்ளிக்கூட வாத்தியார், எல்லாரிடமும் ஒரே பதில்: "எங்களுக்கு ஏற்கெனவே இருக்காங்க சார். சொன்னா உடனே ஆள் அனுப்பிடுவாங்க." யார் என்று கேட்டால் ஒரு மாதிரி சிரித்தார்கள். எவனோ என்னை முந்திக்கொண்டான்! இந்த ஊரிலும் தோற்றால் எங்கே போவது?

ஒரு காலை எங்கள் சமையலறைக் குழாயே பிய்த்துக்கொண்டது. நல்ல சந்தர்ப்பம்! மனைவி பார்க்கும்படி என் ஆப்பை அமுக்கினேன். காத்திருந்தேன். கணுக்கால் நனைந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று மறுபடி அமுக்கினேன்.

"நான் கூப்பிடவா? தலையிடக் கூடாதுன்னீங்க, அதான் கேக்கறேன்."

நாற்காலியில் நின்றபடியே தலையாட்டினேன். அவள் போனை எடுத்து, "தம்பி, நம்ம வீட்டுக்கு வா" என்றாள். அவ்வளவுதான். குழாய்க்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். என் ஆப்பில் முதல் ஆளாகச் சேர்ந்தவரே அவர்தான்.

"ஏம்ப்பா, நான் அவ்வளவு அமுக்கினேனே?"

"அந்த ஆப்பை அழிச்சிட்டேன் சார். பாப்பா போட்டோவுக்கு இடம் பத்தல. அக்கா ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா? ஊருக்கே அக்காதானே ஆள் அனுப்பறாங்க!"

திரும்பினேன். அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் கம்பெனிக்கு நீயே போட்டியா?"

"உங்க கம்பெனில நான் தலையிடவே இல்லையே. இது என்னோடது. இத்தனை நாளா அடுப்பு எப்படி எரியுதுன்னு நினைச்சீங்க?"

அவமானம் ஒரு பக்கம். இவள் தனியாகச் சுமந்திருக்கிறாளே என்ற வருத்தம் அதைவிடப் பெரிது. அதைச் சொல்லத் தெரியாமல், "இனிமே நான் என்னதான் செய்யட்டும்?" என்றேன்.

அவள் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். பேசி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"எலக்ட்ரீஷியனுக்கு ஏணி பிடிக்க ஆள் வேணுமாம். உங்களைச் சொல்லியிருக்கேன். முன் அனுபவம் இல்லாட்டியும் பரவாயில்லையாம், கிளம்புங்க."