ஜனவரி மாதத்துக் கேரளா

"இந்த ஜனவரிப் படம் கேரளத்தில எவிடெயா, எந்த ஊர்?" என்று போனில் கேட்டார், கடைக்குக் கேரளப் படக் காலண்டர் அடிக்க ஆர்டர் கொடுத்திருந்த திருச்சூர் நகைக்கடை முதலாளி வர்க்கி. "மற்ற பதினொண்ணிலும் ஊர்ப்பேர் உண்டு. இதில மட்டும் இல்லையே."

சிவகாசி அச்சாபீஸில் காலண்டர்ப் படங்களுக்குப் பொறுப்பாளரான முத்துப்பாண்டி படத்தை நிமிர்ந்து பார்த்தார். பச்சை வயல், குனிந்து நாற்று நடும் பெண்கள், ஓரமாய் நாலு பனை, பின்னால் மங்கலாக மலை. எந்தக் காலத்திலோ எடுத்து பீரோவில் கிடந்த பிலிம் அது. உறையில் ஓர் எழுத்துக் கிடையாது. பீரோவில் கேரளாவுக்கு ஒரு தட்டு, தமிழ்நாட்டுக்கு ஒரு தட்டு. பிரித்து அடுக்கியவர் முத்துப்பாண்டிதான். பேர் இல்லாத படத்துக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: பச்சையாக இருந்தால் கேரளா, காய்ந்து கிடந்தால் தமிழ்நாடு.

அவரைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. ஆர்டர் விஷயமாக வருடத்துக்கு இரண்டு தடவை அங்கே போய் வந்து மனசைப் பறிகொடுத்த மனுஷன். டீக்கடையில் ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

"எல்லையில ஆரியங்காவு தாண்டுனா கண்ணு குளுந்துபோகுதுலே. கொச்சியும் ஊருதான், நம்ம விருதுநகரும் ஊருதான். அங்கன எறங்குனா காயல் காத்து. இங்கன எறங்குனா மொளகா நெடியில பத்துத் தும்மல். சாமி அம்புட்டுத் தண்ணியையும் அந்தப் பக்கம் ஊத்திட்டு, கருவேல வெதைய நம்ம பக்கம் தூவிட்டான்."

ஜனவரிப் படத்தின் ஒரு தாளைத் தன் மேஜைக்கு எதிரிலேயே ஒட்டி வைத்திருந்தார். செத்தாலும் அங்கே போய்த்தான் சாக வேண்டும் என்பார்.

"குட்டநாடு மொதலாளி" என்றார் இப்போது, மூச்சு விடாமல்.

"சரி. அந்தப் பேரில ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பணும். பேரில்லாம லோடு வேண்டா."

அரைமணி நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது.

"என் பார்யா குட்டநாட்டுக்காரியாக்கும். அங்கே ஏதய்யா மலை? அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்."

"மன்னிக்கணும் மொதலாளி, பக்கத்துப் படத்தோட மாறிப்போச்சு. இது வயநாடு."

மறுநாள் காலை வர்க்கியின் குரலில் சிரிப்பு இல்லை. "என் மேனேஜர் வயநாட்டுக்காரன். அவன் பிறந்து வளர்ந்த இடத்தில இப்படிப் பனை நிக்கிறதைக் கண்டதே இல்லையாம். நீங்க படம் அடிக்கிறீங்களா, கதை அடிக்கிறீங்களா?"

இந்தப் பேச்சு அச்சாபீஸ் முதலாளி அய்யாதுரை காதுக்கும் போய்விட்டது.

"ஏலே முத்துப்பாண்டி, எந்த ஊருன்னு தெரியாமலா நாப்பதாயிரம் காலண்டர் அடிச்சே? இந்த ஆர்டர் திரும்பி வந்துச்சு, தீபாவளியோட நீ வீட்டுலயே இருந்துக்கோ."

"தெரியும் அண்ணாச்சி. வாய் தவறிப்போச்சு."

அண்ணாச்சி சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் முத்துப்பாண்டியை இனி எவன் சேர்ப்பான்? எல்லா அச்சாபீஸிலும் கம்ப்யூட்டர் முன்னால் மீசை முளைக்காத பயல்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானச் சோறு அவருக்கு இறங்கவே இல்லை. மலையும் வேண்டும், பனையும் வேண்டும், வயலும் வேண்டும் என்று யோசித்து, ஒருவழியாகப் பிடித்துவிட்டார்.

"பாலக்காடு மொதலாளி! சத்தியமா பாலக்காடு."

"அதுதானே பார்த்தேன்!" வர்க்கி குளிர்ந்துபோனார். "அங்கேதான் அடுத்த மாசம் புதுக்கடை திறக்கிறேன். கடை விளம்பரத்தை இந்த வயல்லயே எடுக்கலாம். எந்தக் கிராமம்? நாளைக்கே கேமராக்காரனை அனுப்பறேன்."

முத்துப்பாண்டி அவசரமாகக் கணக்குப் போட்டார். கேமராக்காரன் போகாமல் இருக்க வேண்டுமானால் ஊரே இருக்கக் கூடாது.

"அந்த ஊரு இப்ப இல்ல மொதலாளி. டேம் கட்டினாங்கல்ல, அதுல முங்கிப்போச்சு."

அதோடு விடுவார் என்று நினைத்தார். வர்க்கியோ இளகிய மனசுக்காரர். மூழ்கிப்போன ஊரைப் பற்றி நாலு வரி எழுதி அதையே ஸ்டிக்கராக ஒட்ட வேண்டும், ஊரின் கதையை நேரில் கேட்டுப் போக வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பொய் சொன்ன வாயாலேயே முத்துப்பாண்டி நாலு வரியையும் எழுதினார். எழுதும்போது அவருக்கே கண் கலங்கியதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை வர்க்கி வந்தார். அய்யாதுரை பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்தார். மேஜைக்கு எதிரே ஒட்டியிருந்த படத்தின் முன்னால் வர்க்கி வெகுநேரம் நின்றார்.

"இப்படியொரு பச்சை உங்க தமிழ்நாட்டில உண்டோ?"

"எங்கன மொதலாளி!" முத்துப்பாண்டி மனப்பூர்வமாகவே சொன்னார். "எங்க மண்ணுக்குக் கருவேலமும் வெக்கையும்தான். இதெல்லாம் உங்க பக்கத்துக்குக் கொடுத்து வச்சது."

அய்யாதுரையும் ஆமாம் என்று தலையாட்டினார். வேலை தப்பியது என்று முத்துப்பாண்டிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

பைண்டிங் பகுதியிலிருந்து வேலுத்தாய், முடிந்த காலண்டர் கட்டு ஒன்றைத் தலையில் சுமந்து உள்ளே வந்தாள். காலண்டர் தாள்களின் உச்சியில் தகரப் பட்டை அடிக்கிறவள். மேஜையில் கட்டை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வர்க்கி கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாவம், இந்த நாற்று நடுற பெண்கள். டேம் வந்தபிறகு எங்கே போனாங்களோ!"

வேலுத்தாய் படத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நாங்க எங்கன போனோம், இங்கனதான்யா இருக்கோம், அது இந்தா விருதுநகர் பக்கம் நம்ம ஆனைக்குட்டத்து வயக்காடு, அந்தப் பனையடியில குனிஞ்சு நடுறது நான்தான், ஒரு வாரமா எந்தலைக்கு மேலயே தகரம் அடிச்சுக்கிட்டு இருக்கேன், ஒருத்தரும் கேக்கலையே!"