தண்ணீரை வளைத்தவர்

எங்கள் பக்கம் கிறுக்கர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வஸ்து கோணலாக இல்லையே என்று கொதித்துப்போய், ஓடுகிற ஆப்செட் மெஷினை நிறுத்திய கிறுக்கர் உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். அவரும் திருத்தங்கலில் எனக்கென்று வந்து வாய்த்தார். நூத்திநாலரை என்பது நாங்கள் வைத்த பேர்.

முதலாளி ஒருவர் மட்டும் செல்போன் வைத்திருந்து, அதிலும் பாம்பு விளையாட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்த காலம். நான் அவருடைய அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். காலண்டர் சீசன் ஓய்ந்ததும் பள்ளிக்கூட கைடு சீசன் பிடித்துக்கொள்ளும். பிளஸ் டூ வேதியியல் கைடு எழுதித் தர முதலாளி எங்கிருந்தோ பிடித்து வந்த வாத்தியார்தான் இந்த ஆள்.

வேதியியல் பிணைப்பு என்று ஒரு பாடம். எந்த அணு எந்த அணுவோடு எப்படி ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிய பிறகு அந்த மூலக்கூறு என்ன வடிவத்தில் நிற்கிறது என்று சொல்கிற பாடம். மற்றதையெல்லாம் நாலைந்து பக்கத்தில் முடித்த மனிதர், இதற்கு மட்டும் ஒரு கட்டுத் தாளை நிரப்பியிருந்தார். தண்ணீரின் மூலக்கூறில் ஆக்சிஜன் நடுவில் இருக்குமாம். இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு பக்கம், காலை அகட்டி நிற்கிறவனைப்போல் வளைந்து நிற்குமாம். அந்தக் கோணம் நூற்று நாலரை டிகிரி.

"நூத்தஞ்சுன்னு முழுசாப் போட்டா அச்சுக்கு லேசா இருக்கும் சார். தண்ணிக்கு வலிக்கவா போகுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குடும்பத்தைப் பற்றித் தப்பாகப் பேசியவனைப்போல் என்னைப் பார்த்தார். "வலிக்காது. பொய்யாயிரும்" என்றார். மெஷின்காரர்கள் காதில் விழுந்தது. மத்தியானத்துக்குள் பேர் நிலைத்துவிட்டது.

மற்ற வாத்தியார்கள் சட்டைப் பையில் பேனா இருக்கும்; இவர் பையில் கோணமானி. டீக்கடையில் எதிரே கிளாஸ் பிடித்திருப்பவரின் முழங்கையில் அதை வைத்துப் பார்த்து, "அண்ணாச்சி, உங்க கை இப்ப அசல் தண்ணி!" என்பார். அவர் அடி வாங்காமல் நடமாடியது எங்கள் ஊர்க்காரர்களின் பெருந்தன்மை.

ஒருநாள் நாலு பலூனைக் காம்பில் சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற ஜோதி, மீத்தேனைக் கூட்டல் குறி மாதிரி தட்டையாகப் போட்டுவிட்டாளாம். "பாரும்மா, நாலும் ஒண்ணை ஒண்ணு தள்ளி, எம்புட்டு விலக முடியுமோ அம்புட்டு விலகி நிக்குது. கீழ மூணு, மேல ஒண்ணு. எலெக்ட்ரானும் இப்படித்தான்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பலூன் மின்விசிறியில் பட்டு வெடித்தது.

சிவகாசிப் பக்கம் 'டமார்' என்று கேட்டால் என்ன ஏதென்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. மெஷின்காரர்கள், பைண்டிங் பெண்கள், முதலாளி, நான் என்று அத்தனை பேரும் தெருவில் நின்றோம். முதலாளிக்கு ஒரு காலில்தான் செருப்பு. கடைசியாக நூத்திநாலரை, மிச்சப் பலூன்களோடும் பூரித்த முகத்தோடும் வெளியே வந்தார்.

"பாத்தீகளா! ஒண்ணு போனதும் மிச்சம் மூணும் தானா தட்டை முக்கோணமாயிருச்சு!"

முதலாளி இன்னொரு செருப்பைத் தேடியது போட்டுக்கொள்வதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்போதே அவரை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை; அனுபவித்தோம். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். கைடு அதற்கு முன்பே கடைக்குப் போயாக வேண்டும். பிந்தினால் வேறு கம்பெனி கைடு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். காகிதத்தை மிச்சப்படுத்துவதற்காக, கடைசி நிமிஷத்தில் பக்கங்களை இறுக்கச் சொன்னார் முதலாளி. ஜோதி இறுக்கினாள். இறுக்கிய இறுக்கலில் தண்ணீர் தீக்குச்சி மாதிரி நேராகிவிட்டது. அந்தப் பக்கத்தில் பாதிப் பிரதிகள் ஓடி முடிந்தபோது நூத்திநாலரை உள்ளே வந்தார். மேலே கிடந்த தாளை எடுத்துப் பார்த்தார். பார்த்த வேகத்தில் சிவப்புப் பொத்தானை அடித்தார். மெஷின் முனகிக்கொண்டு நின்றது.

முதலாளி பாய்ந்து வந்தார். "வாத்தியாரே, தண்ணி வளைஞ்சா என்ன, நிமிந்தா என்ன? குடிக்கவன் அளந்து பாத்தா குடிக்கான்?"

"நிமிந்தா தண்ணியே இல்ல மொதலாளி! வளைஞ்சிருக்கதுனாலதான் ஒரு பக்கம் பிளஸ்ஸு, ஒரு பக்கம் மைனஸ். அதனாலதான் ஒண்ணை ஒண்ணு இளுத்துப் பிடிச்சுக்கிடுது. நேரா இருந்தா அம்புட்டும் ஆவியாப் போயிரும். ஆனைக்குட்டம் அணையில ஒரு சொட்டு நிக்காது!"

"இப்ப மட்டும் நிக்குதாக்கும்?"

மெஷின்காரர்கள் சிரித்தார்கள். நூத்திநாலரை சிரிக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு கோட்டுக்காக அழுகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எரிச்சலாக வந்தது.

பைண்டிங்கில் பசை தடவுகிற முனியம்மாக்காதான் வழி சொன்னார். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டி வளர்ந்தவர். "சரியான படத்தைச் சின்னச் சீட்டா அடிச்சுக் குடுங்க. தப்பு மேல ஒட்டிருதோம். லேபிளு ஒட்டுத கைதான இது."

முதலாளி மிரட்டிப் பார்த்தார். "ஒட்டட்டும் வாத்தியாரே. ஆனா அட்டையில உம்ம பேரு வராது. சம்மதமா?"

அட்டை இன்னும் அச்சாகவில்லை. மனிதருடைய பேர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு காப்பி அனுப்ப வேண்டும் என்று என் காது புளிக்கச் சொல்லியிருந்தார். மிரண்டு எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"எடுத்துருங்க மொதலாளி. தண்ணி வளைஞ்சாப் போதும்."

ஒட்டினோம். பிழை திருத்துபவனான நானும் பசைச் சட்டியோடு உட்கார வேண்டியதாயிற்று. அவரும் உட்கார்ந்தார்; கூடவே பாடம் வேறு. "இந்த மைதாப் பசை ஏன் பேப்பரை இப்படிப் பிடிக்குது, தெரியுமாக்கா? ரெண்டுக்கும் நடுவுல ஹைட்ரஜன் பாண்டு இருக்கு."

"பாண்டா? அது பத்திர ஆபீசுல எளுதுததுல்லா?" என்றார் முனியம்மாக்கா. "எங்களுக்கு எளுதாமலே ஒட்டும். நீங்க சீட்டை எடுத்துக் குடுங்க."

அவசரத்தில் பாதிச் சீட்டுகளைத் தலைகீழாக ஒட்டியிருந்தோம். அடுத்த மறியலுக்குப் பயந்துகொண்டே அவரிடம் காட்டினேன். கோணமானியை வைத்துப் பார்த்தார். "தண்ணிக்கு ஏது தலை, ஏது காலு? எழுத்தும் எச்சு, ஓ, எச்சு. கவுத்தாலும் அதேதான். கோணம் சரியா இருக்கு, விடுங்க!" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

கைடு பிந்தித்தான் போனது. போனதில் பாதி மூட்டையோடு திரும்பி வந்தது. அட்டையில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று போட்டிருந்தோம். குழு மொத்தமும் அந்த ஒரே ஆள்தான். அவர் அதில் ஒரு காப்பியைக் கேட்டு வாங்கி, ஊருக்கு அனுப்பப் பொட்டலம் கட்டினார்.

"பேரே இல்லையே சார், அம்மா எப்படி நம்புவாங்க?"

"நான் சொன்னா நம்புவாங்க."

அடுத்த வருஷம் முதலாளி அவரைக் கூப்பிடவில்லை. வேறு ஒரு வாத்தியார் வந்தார். நீட்டிய தாளிலெல்லாம் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு வெகு முன்பே லோடு ஏறிவிட்டது. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அதைப்போல நீண்டுகொண்டே போன கோடையை அந்த அச்சகத்தில் நான் பார்த்ததில்லை.