நாலு சுவரும் ரெண்டு காலிப்பரும்

சனிக்கிழமை சாயங்காலம் லோடுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று நாளும் அசையப் போவதில்லை. கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறார்கள், புதன்கிழமை வரை கதவு திறக்காது. கதவு திறக்காவிட்டால் லோடு இல்லை. லோடு இல்லாவிட்டால் அவருக்கும் சாய்வு நாற்காலிக்கும் குறுக்கே நிற்க ஆள் இல்லை.

சொந்தப் பெயர் என்று ஒன்று அவருக்கும் உண்டு. தெருவில் யாருக்கும் அது ஞாபகமில்லை. வீட்டில் எந்த வேலை சொன்னாலும், "லோடு வந்திருக்கு" என்று சாவியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார். அப்படி வந்த பெயர்தான் இது. முன்னறைச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அவர் வீட்டுக்காரி சொல்ல ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் "முன் ரூம்..." என்பதற்குள் வாசலில் இன்ஜின் உறுமும். சுவரும் அலுத்துப்போய், பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் இந்தத் தடவை உடம்பு நிஜமாகவே ஓய்ந்திருந்தது. பதினாறு வயதில் மூட்டை தூக்கத் தொடங்கி, கண்டவனோடு பேரம் பேசி, காணாதவனோடு சண்டை போட்டு, சொந்தமாக ஒரு சின்ன லாரி வாங்கிய உடம்பு. வண்டியில் இருந்தால் ரோட்டைப் பார்க்கும். வீட்டுக்கு வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டே போய்ப் படுக்கும். மூக்கில் டீசலைத் தவிர வேறு வாசனை ஏறி எத்தனையோ காலமாயிற்று.

"ஏங்க, நாளைக்கு வண்டி வேணும்" என்றாள் மனைவி.

நாலு நாளாக அவள் கழுத்தை இடது பக்கமாகச் சாய்த்தபடியே நடமாடிக்கொண்டிருந்தாள். தலையணை சரியில்லை போலிருக்கிறது என்று அவராகவே முடிவு செய்திருந்தார். கேட்கவில்லை. கேட்டால் புதுத் தலையணை வாங்கச் சொல்வாள்.

"வண்டி எதுக்கு?"

"எங்கண்ணன் வீட்டு பீரோவை எடுத்துக்கச் சொல்றான். மூணு கதவு பீரோ. நம்ம வண்டியில ஏத்திக் கொண்டாந்துட்டா முன் ரூம்ல வச்சுக்கலாம்."

லோடுக்காரரின் இடுப்பு தானாகவே ஒருமுறை சுளுக்கிக்கொண்டது. அந்த பீரோவை அவருக்குத் தெரியும். மச்சான் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மேலே ஏற்றிய நாலு தோளில் ஒரு தோள் அவருடையது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவரும் பீரோவும் சுவரும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டு, மச்சான் மேலிருந்து "மாப்ளே, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று யோசனை சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை.

லோடு வந்திருக்கு என்று சொல்ல வாய் எடுத்தார். கிடங்கு மூடியிருப்பது அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு மூளையைத் திறந்தார்.

"வண்டியா? வண்டிதான் நாளைக்கு ஓடாதே. முன் சக்கரத்துல காலிப்பர் துருப்பிடிச்சுக் கிடக்கு."

"அது என்னங்க?"

"பிரேக் மிதிச்சா உள்ள இருக்கிற தட்டைக் கவ்விப் பிடிக்குமே, அந்தக் கவ்வி. ரெண்டையும் கழட்டி, சுரண்டி, பெயிண்ட் அடிக்கணும். உயிர் சமாச்சாரம்."

"ஐயோ, உயிர் சமாச்சாரம்னா உடனே பண்ணிடுங்க. எத்தனை நாள் ஆகும்?"

"அஞ்சு நாள்."

"அஞ்சா! ஒரு நாள்ல காயாதா?"

"என்ன பேசுற நீ? சூடு தாங்குற பெயிண்ட். மூணு கோட் அடிக்கணும். சரி, உனக்காக நாலு நாள்."

"ரெண்டு?"

"மூணு. அதுக்குக் கீழே ஒரு மணி நேரம்கூடக் குறையாது."

"சரி, மூணு. பீரோவை புதன்கிழமை பார்த்துக்கலாம்."

ஐந்தில் ஆரம்பித்து மூன்றில் நிறுத்தியாகிவிட்டது. புதன்கிழமை கிடங்கு திறந்துவிடும், லோடு வந்துவிடும், பீரோ மச்சானோடு போகட்டும். லோடுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். சந்தையில் எவனாவது இத்தனை சுலபமாக மூன்றுக்கு ஒத்துக்கொண்டிருந்தால் சரக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்திருப்பார். வீட்டுக்காரிதானே என்று விட்டுவிட்டார்.

"எப்படியும் புதன்கிழமை பீரோ வரும். இடத்தை இப்பவே ஒதுக்கிடுங்களேன்" என்றாள்.

வராத பீரோவுக்கு இடம் ஒதுக்குவதில் என்ன நஷ்டம்? மேசை, அலமாரி, டிவி, எல்லாவற்றையும் பின் அறைக்குத் தள்ளினார். சாய்வு நாற்காலியையும் அவரே தூக்கிக்கொண்டு போனார். தூசி படாமல் இருக்க அவள் எல்லாவற்றின் மேலும் பழைய போர்வையைப் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் கடைக்குப் போய் சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்தாள். சின்ன டப்பா சரிதான். கூடவே இருந்த பிரஷ்ஷைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது என்ன, நாலு இஞ்ச் பிரஷ்! காலிப்பரே என் உள்ளங்கை அகலம்தான். விளக்குமாறு வாங்கியாந்திருக்கலாமே!"

"சின்னது இல்லைன்னுட்டாங்க."

"இந்தத் தகடு?"

"சுரண்டுறதுக்கு. நீங்கதானே சுரண்டணும்னு சொன்னீங்க?"

தலையில் அடித்துக்கொண்டார். வேலைக்குரிய சாமானை வேலை தெரியாதவர்களிடம் வாங்கச் சொன்னால் இப்படித்தான். டூல் பெட்டியிலிருந்து கம்பி பிரஷ்ஷையும் தம்மாத்துண்டு பெயிண்ட் பிரஷ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

சக்கர நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றுவதற்குள்ளேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் மச்சான் ஜாதி. அசையவே மாட்டேன் என்றன. ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கி, மேலே ஏறி மிதித்தார். போல்ட் விட்டது. அவரும் தரையில் விழுந்தார். விரல் முட்டி இரண்டு தோல் உரிந்தது. போல்ட்டின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். ஓய்வெடுப்பதற்கு இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பீரோவை நினைத்துக்கொண்டு அடுத்த போல்ட்டைப் பிடித்தார்.

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு ஃபிட்டர். பணிமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அடுத்தவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"அண்ணே, பிரேக் ஆயில் வர்ற ஹோஸைக் கழட்டாதீங்க. காலிப்பரைக் கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டித் தொங்கவிட்டா போதும். அப்படியே பெயிண்ட் அடிச்சுடலாம். எப்ப வேணா அரை மணி நேரத்துல மாட்டிடலாம்."

வாசலில் நின்ற மனைவி சாய்ந்த கழுத்தோடு பளிச்சென்று நிமிர்ந்தாள். "அப்படியா ஃபிட்டர் அண்ணே? அரை மணி நேரத்துல மாட்டிடலாமா? அப்ப சாயங்காலமே..."

லோடுக்காரர் ஸ்பேனரோடு எழுந்தார். "உமக்கு என்னய்யா தெரியும்? முழுசாக் கழட்டினாத்தான் சுத்தம் ஆகும்!"

"கழட்டினா பிரேக் ஆயில் ஒழுகிக் குழாய்க்குள்ள காத்து ஏறிடும். அப்புறம் ஒருத்தர் மேல உட்கார்ந்து பெடலை மிதிக்கணும், ஒருத்தர் கீழே படுத்துக் காத்தை எடுக்கணும். ஒத்தை ஆளால முடியாது."

"முடியாட்டி முடியாமப் போகட்டும்!"

ஒரே திருகு. ஹோஸ் கழன்று, ஆயில் கீழே இருந்த தகர டப்பாவில் வடிந்தது. மறுபக்கமும் ஒரு திருகு. மனைவி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டபோது அவருக்கு உரிந்த விரலெல்லாம் ஆறிவிட்ட மாதிரி இருந்தது.

துருவைச் சுரண்டினார். பிசுக்கைத் துடைத்தார். உள்ளே இருக்கும் ரப்பரில் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டினார். பூசினார். மத்தியானம் இரண்டு மணிக்குத் துணிக்கொடியில் இரண்டு காலிப்பரும் செக்கச்செவேலென்று தொங்கின. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தன.

கை கழுவிக்கொண்டு, மூன்று நாள் தூக்கத்தைக் கண்ணில் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி முன்னறைக்குள் நுழைந்தார்.

தரையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு பக்கெட். உப்புக் காகிதம். அந்தத் தகடு. நாலு இஞ்ச் பிரஷ். பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய பெயிண்ட் டப்பாக்கள்.

"இது... பீரோ வைக்கிற இடம்ல?"

"எந்த பீரோ?"

"உங்கண்ணன் பீரோடி!"

"அதை அவன் போன மாசமே வித்துட்டானே" என்றாள், காய்கறி விலை சொல்கிற மாதிரி. "மூணு நாள் வண்டி ஓடாது, லோடும் கிடையாது. பெயிண்ட் காயற வரைக்கும் சும்மாதானே இருக்கப் போறீங்க?"

லோடுக்காரரின் கை பழக்கதோஷத்தில் பாக்கெட்டுக்குப் போனது. அடிக்காத போனைக் காதில் வைத்தார். "ஹலோ! ஆங்... லோடா? அவசரமா? இதோ..."

அவள் ஜன்னல் திரையை மட்டும் விலக்கினாள். வெளியே இரண்டு முன் சக்கரமும் இல்லாமல் வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். பெயிண்ட் காய்ந்தால் என்ன, காயாவிட்டால் என்ன? மாட்டிக்கொண்டு எங்காவது ஓடிப்போய் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கலாம்.

"ஃபிட்டரே! கொஞ்சம் வந்து பெடலை மிதியும்யா!"

"முழங்கால் வலிண்ணே" என்றார் ஃபிட்டர். மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டுதான் சொன்னார். "தங்கச்சி மிதிச்சா சரியா இருக்கும்."

லோடுக்காரர் திரும்பி வந்தார். வாசற்படியில் உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"இந்தா, ஒரு பத்து நிமிஷம் வந்து பிரேக்கை மிதிச்சுக் கொடேன்."

"மிதிக்கிறேனே. வேலை முடிஞ்சதும் மிதிக்கிறேன்."

"என்ன வேலை?"

"நாலு சுவர். மேல்கூரை."

வாழ்க்கையில் எத்தனை அடி வாங்கினாலும் பேரம் என்று வந்துவிட்டால் அவருக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும்.

"ரெண்டு சுவர்."

"நாலு சுவர், மேல்கூரை."

"மூணு சுவர். நாலாவது சுவரை அலமாரி மறைச்சிடும்."

"நாலு சுவர், மேல்கூரை."

"அடியே, மனுஷனாப் பிறந்தவன் அண்ணாந்துக்கிட்டே அடிக்க முடியுமா? கழுத்து போயிடும்! மேல்கூரையை விட்டுடு. நாலு சுவரையும் அடிக்கிறேன். இதுக்கு மேல பேசாதே."

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். அரைமனதாக, "சரி, நீங்க இவ்வளவு கேக்குறதால விட்டுடறேன்" என்றாள்.

அப்பாடா. தோல்விதான், ஆனாலும் மேல்கூரையை முழுசாகக் கழற்றிவிட்டாகிவிட்டது. இந்த வீட்டில் இவ்வளவு பெரிய தள்ளுபடி இதற்கு முன் கிடைத்ததில்லை. லோடுக்காரர் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தப்பித்த மேல்கூரையை ஒரு பார்வை பார்க்கலாமே என்று, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் தலையை நிமிர்த்தினார்.

மேல்கூரை வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு பொருக்கு இல்லை. ஒரு கறை இல்லை.

"இது... எப்ப?"

"போன புதன்கிழமை. நீங்க லோடுக்குப் போயிருந்தீங்க. ஃபிட்டர் அண்ணன் ஏணியைப் பிடிச்சுக்கிட்டாரு, நான்தான் அடிச்சேன்" என்றவள், பின் அறையிலிருந்து சாய்வு நாற்காலியை இழுத்து வந்து நடுவில் போட்டு, அதில் உட்கார்ந்து, சாய்ந்த கழுத்தை மெல்ல ஒருமுறை தடவிக்கொண்டாள். "இடது பக்கச் சுவர்லேர்ந்து ஆரம்பிங்க. என்னால அந்தப் பக்கம்தான் பார்க்க முடியும்."