மாடியில் மேலாளர்

யாருக்கும் கிடைக்காத மனிதனாகிவிடுவது என்று நான் தீர்மானித்தது, எங்கள் அலுவலகத்தில் பழைய தொலைபேசிகளைக் கழற்றிப் போட்ட அன்று.

மூன்று செட்டுகள், சுவரில் மாட்டும் பெட்டி ஒன்று, சுருள் சுருளாக ஒயர். குப்பைக்குப் போகவிருந்ததை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு செட்டிலும் இரண்டு வரிசைப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் பேசுகிறவரைக் காக்க வைக்கலாம். இன்னொன்றை அழுத்தினால் வேறு அறைக்குத் தள்ளிவிடலாம். நாலைந்து பேரை ஒன்றாகப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கலாம். எனக்கு வேண்டியிருந்தது இவை எதுவும் இல்லை.

எங்கள் மேலாளரை யார் கூப்பிட்டாலும் அவர் அறையில் மணி அடிக்காது. வெளியே உட்கார்ந்திருக்கும் செயலாளர் அம்மாவின் மேஜையில்தான் அடிக்கும். அந்த அம்மா எடுத்து, யார், என்ன, எதற்கு என்று விசாரித்து, அவசியம் என்று பட்டால் உள்ளே கொடுப்பார். அவருக்கு அப்படிப் பட்டு நான் பார்த்ததில்லை. மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்குவார். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பல வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் அடையக்கூடியது அவ்வளவுதான் என்று தோன்றியது.

எனக்கும் ஓர் அறை இருந்தது. மாடியில். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், வீட்டில் வேறெங்கும் இல்லாத அமைதி. அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. அதை அறிவித்தவள் என் மனைவி.

"ஏங்க, தம்பியை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம்."

"ஏனாம்?"

"சத்தமாம்."

என் மச்சினனின் தொழில் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடுவது. வாடகைக்குப் போகாத நாட்களில் அவற்றைச் சோதித்துப் பார்ப்பது. பெரும்பாலும் வாடகைக்குப் போகாது.

"நம்ம மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?"

"சும்மா எங்க கிடக்கு? நான் கிடக்கேன்."

"அதைத்தான் சொன்னேன்" என்றாள். "ஆனா நான் கூப்பிட்டா வர மாட்டான். ரோஷக்காரன். மாமா சம்மதம் இல்லாம வாசப்படி மிதிக்க மாட்டேங்கிறான். உங்களுக்கே போன் பண்ணிக் கேக்கறேன்னிருக்கான்."

முடியாது என்று ஒருவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆனால் அவன் கேட்கவே முடியாவிட்டால் நான் மறுக்கவே வேண்டாம். எங்கள் வீட்டுச் சுவர்கள் கெட்டி. கைபேசிகள் வாசலிலேயே உயிரை விட்டுவிடும். வீட்டுத் தொலைபேசி ஒன்றுதான் வழி. அந்த வழியில் ஒரு செயலாளரை உட்கார வைத்தால் போதும்.

அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்தேன்.

"மேலாளர் செட்டு எங்க சார் வெக்கணும்?"

"மாடியில."

"செயலாளர் செட்டு?"

"அடுப்படியில."

ஒயரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்ல கேட்டுக்கிட்டீங்களா?"

"மேலாளர் எதுக்குங்க கேக்கணும்?"

"அதுக்கில்ல சார். பின்னால ஏதாவது மாத்தணும்னா மேலாளர் செட்டுலேருந்துதான் மாத்த முடியும். வேற எதுலயும் முடியாது."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றேன்.

மூன்றாவது செட்டைக் குளியலறையில் வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். கூடத்தில் வைத்தார்.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு செட்டின் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"யார் கூப்பிட்டாலும் முதல்ல உனக்குத்தான் அடிக்கும்."

"உங்களுக்கு அடிக்காதா?"

"அடிக்காது."

"உங்க ஆபீஸ்லேருந்து கூப்பிட்டா?"

"அப்பவும்."

"உங்க அக்கா கூப்பிட்டா?"

"அப்ப கண்டிப்பா அடிக்கக் கூடாது."

"எல்லாருக்கும் நான் என்னங்க பதில் சொல்றது?"

"நீயே பாத்துச் சொல்லு. அதானே செயலாளர் வேலை? தொட்டதுக்கெல்லாம் மேல வந்து கேக்கக் கூடாது."

"அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரேன்னு யாராவது கேட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "எவனும் கேக்க மாட்டான். எங்க ஆபீஸ்ல செயலாளர் அம்மா சொன்னா மேலாளர் சொன்ன மாதிரி. என் லீவு, என் இடமாற்றம் எல்லாம் அந்த அம்மா குரல்லதான் வந்துது. யாரும் திருப்பிக் கேட்டதில்ல."

"அப்படியா?" என்றாள். பொத்தான்களை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். "நல்ல ஏற்பாடுங்க."

பிறகு வந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். கீழே மணி அடிக்கும். அவள் குரல் கேட்கும். பிறகு எதுவும் கேட்காது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பேன்.

இடையில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் என்னை நிறுத்தி, ஏணி கொடுத்ததற்கு நன்றி சொன்னார். எங்கள் ஏணி வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. என் அக்கா ஆள் அனுப்பி, தையல் மிஷின் நன்றாக ஓடுகிறது, நீ இவ்வளவு தாராளமானவன் என்று தெரியாமல் போயிற்று என்று சொல்லச் சொன்னாள். ஊரில் என் பெயர் உயர்ந்துகொண்டிருந்தது. படுத்த இடத்திலிருந்தே ஒருவன் பெரிய மனிதனாக முடியும் என்று எண்ணிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

விடுமுறை நாளொன்றின் மதியம். படிக்கட்டில் பீரோ ஒன்று தானாக ஏறிவருவது போன்ற சத்தம். கண்ணைத் திறந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஆளுயர ஒலிபெருக்கி நின்றது. அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா, காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க."

மடக்கிக்கொண்டேன். ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு நான் நெனைக்கவேயில்ல மாமா."

"எப்படிச் சொன்னேன்?"

"'இது உன் வீடுடா, இதுக்கெல்லாமா கேப்பாங்க'ன்னு."

"நானா?"

"அக்கா வரி விடாம சொல்லிச்சு. இப்பல்லாம் உங்க பதில் அக்கா மூலமாத்தான் வருமாமே. பெரிய ஆளாயிட்டீங்க மாமா."

நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த ஒலிபெருக்கி ஏறிவருவதற்குள் கீழே இறங்கி அடுப்படிக்குப் போனேன்.

"நான் எப்பச் சரின்னு சொன்னேன்?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்."

"அப்ப நான் தூங்கிட்டிருந்தேன்!"

"ஆமாங்க. அதான் எழுப்பலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"தொட்டதுக்கெல்லாம் மேல வந்து கேக்கக் கூடாதுன்னீங்களே."

"அதுக்காக, நீ சொன்னதை நான் சொன்னதா..."

"யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னீங்க" என்றாள். "நீங்கதாங்க முதல் ஆளு."

இத்தனை வருடங்களாக அந்தக் கதவுக் கண்ணாடி வழியாக, அலுவலகத்தில் யார் தூங்குகிறார்கள் என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன். யார் ஆள்கிறார்கள் என்பதைக் கவனிக்கவில்லை.

இதை யோசித்து அடுப்படியிலேயே நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் மீதி ஒலிபெருக்கிகளும் அவனுக்கு ஒரு கிளாஸ் டீயும் மாடி ஏறிவிட்டன. ஆனாலும் ஒரு வழி இருந்தது. மேலாளர் செட்டில் சில பொத்தான்களை அழுத்தினால் ஏற்பாடு முழுவதையும் கலைத்துவிடலாம். மாடிக்கு ஓடினேன். கதவுக்கு உட்புறம் ஒலிபெருக்கிகள் கதவு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. இரண்டுக்கு நடுவே கை நுழையும் இடைவெளி. அதன் வழியாக என் கட்டிலில் மச்சினன் கால் நீட்டியிருப்பது தெரிந்தது. அவன் தலைமாட்டில் மேலாளர் செட்டு. அதன்மேல் அவன் டீ கிளாஸை வைத்திருந்தான்.

கையை நீட்டிப் பார்த்தேன். முழங்கை வரை போயிற்று.

கீழே வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மாடியில் சோதனை தொடங்கியது. அலமாரியின் பாத்திரங்கள் தாமாகப் பேச ஆரம்பித்தன. கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தம் ஓய்ந்த ஒரு சின்ன இடைவெளியில், கூடத்துச் செட்டை எடுத்து மாடிக்கான பொத்தானை அழுத்தினேன்.

மணி அடுப்படியில் அடித்தது. மேலாளர் என்பது ஆள் அல்ல, அறை என்பது அப்போது புரிந்தது. அவள் எடுத்தாள். ஒரு காதில் தொலைபேசி வழியாகவும் இன்னொரு காதில் அடுப்படிக் கதவு வழியாகவும் அவள் குரல் வந்தது.

"யார் பேசறது?"

"நான்தான்."

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

"மாடிக்குக் கொடு. சத்தத்தைக் குறைக்கச் சொல்லணும்."

"அவன் வேலையா இருக்கானே" என்றாள். "கொஞ்சம் லைன்லயே இருங்க."

இருக்கிறேன்.